பாதி வாக்காளர்களை வாசலில் நிறுத்திவிட்டு மாநாட்டுக்குப் போகாதீர்கள்

தென்னாப்பிரிக்க உள்ளாட்சிகளின் சங்கமான சால்காவின் குவாசூலு-நாட்டால் மாகாண நிர்வாகக் குழுவினருக்கும், எங்கள் நகராட்சியின் அவைத்தலைவருக்கும், சபையிலுள்ள அனைத்துக் கட்சிக் கொறடாக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

சால்காவின் உறுப்பினர் கூட்டத்துக்கு எங்கள் நகராட்சியின் சார்பில் யார் யார் போவது என்ற தீர்மானம் அண்மையில் எங்கள் சபையில் நிறைவேறியது. பார்வையாளர் வரிசையில் நானும் எங்கள் குடியிருப்போர் மன்றத்தைச் சேர்ந்த சிலரும் உட்கார்ந்திருந்தோம். ஆளும் கூட்டணியின் கொறடா பெயர்களை வாசித்தார். எதிர்வரிசையிலிருந்து ஒரு கவுன்சிலர் எழுந்து, பேராளர்களில் ஒருவராவது கூட்டணிக்கு வெளியிலிருந்து இருக்கட்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். கைகள் உயர்ந்தன, திருத்தம் தோற்றது, பட்டியல் ஓர் எழுத்தும் மாறாமல் நிறைவேறியது. போகிற அத்தனை பேரும் ஒரே பக்கத்து ஆட்கள். அடுத்த தேர்தலுக்குப் பிறகும் இதுவே வழக்கமாக இருக்கும் என்று பேசியவர்களில் ஒருவர் சொன்னபோது அவரை மறுத்துப் பேச எவரும் எழவில்லை. இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போக எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

தீர்மானம் சட்டப்படி செல்லாது என்று நான் வாதிட வரவில்லை. அரசியலமைப்பின் 160ஆம் பிரிவு, துணைவிதிகள், வரவுசெலவுத் திட்டம், வரி விதிப்பு, கடன் ஆகியவற்றுக்கு மட்டுமே மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையைக் கேட்கிறது; மற்ற எல்லாவற்றையும் அன்று விழுந்த வாக்குகளின் பெரும்பான்மை தீர்மானிக்கலாம். அந்த வகையில் பட்டியல் செல்லும். ஆனால் செல்லுபடியாவது வேறு, நியாயமாவது வேறு. ஒரு நாள் முழுக்க வெயிலில் வரிசையில் நின்று மக்கள் போட்ட வாக்கின் கணக்கு, சபை மண்டபத்தின் வாசல் வரைக்கும் சரியாக வந்துவிட்டு, அங்கிருந்து அடுத்த படியில் ஏறும்போது காணாமல் போகிறது என்பதே என் முறையீடு.

அந்தக் கணக்கு எவ்வளவு கவனமாக வகுக்கப்பட்டது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மாநகராட்சிகளிலும் உள்ளூர் நகராட்சிகளிலும் ஏறத்தாழப் பாதி இடங்கள் வார்டுகளுக்கு, மீதி கட்சிப் பட்டியலுக்கு. வார்டுகளில் ஒரு கட்சி எத்தனை இடம் வென்றதோ அதைக் கழித்துக்கொண்டுதான் பட்டியல் இடம் தரப்படுகிறது. ஆகவே மொத்தத்தில் வாக்கு விகிதமும் இட விகிதமும் நெருங்கி வருகின்றன. டர்பனை உள்ளடக்கிய பக்கத்து ஈதெக்வினி மாநகரத்தையே பாருங்கள். 2021 நவம்பர் 1ஆம் தேதி நடந்த தேர்தலில் அங்கே 222 இடங்கள், அவற்றில் 111 வார்டுகள். ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்கு 96, ஜனநாயகக் கூட்டணி என்ற கட்சிக்கு 59, பொருளாதார விடுதலைப் போராளிகளுக்கு 24, இன்காத்தாவுக்கு 16, மிச்சம் சிறு கட்சிகளுக்கு. எவருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை என்று மக்கள் தெளிவாகச் சொன்னார்கள். அதே தேர்தலில் நாடு முழுவதும் அறுபதுக்கும் மேற்பட்ட சபைகளில் எந்தக் கட்சிக்கும் பாதி இடம் கிடைக்கவில்லை. எங்கள் சபையும் அந்த வகையைச் சேர்ந்ததே. பல கட்சிகள் சேர்ந்து எப்படியோ பாதியைத் தாண்டியவர்கள், வெளியே போகும்போது மட்டும் தாங்களே முழு நகராட்சி என்று ஆகிவிடுகிறார்கள். பாதிக்குச் சற்று மேல் இருப்பது முழுமை ஆவதும், பாதிக்குச் சற்றுக் கீழ் இருப்பது ஒன்றுமில்லாமல் போவதும் எந்த விகிதத்தில் சேரும்?

சால்கா கூட்டம் என்ன பெரிய காரியம், தேநீர் குடித்துப் புகைப்படம் எடுத்துத் திரும்புகிற கூட்டந்தானே என்று எங்கள் வார்டிலேயே சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் 163ஆம் பிரிவும், அதன்படி 1997இல் இயற்றப்பட்ட உள்ளாட்சி அமைப்புகள் பற்றிய சட்டமும், நாட்டின் 257 நகராட்சிகளுக்காகவும் பேசும் தகுதியைச் சால்காவுக்குக் கொடுத்திருக்கின்றன. நாடாளுமன்றத்தின் மேலவையான தேசிய மாகாணப் பேரவையில் உள்ளாட்சிகளின் சார்பாக அமரும் பத்துப் பேர் வரையிலானவர்களை அது நியமிக்கிறது. நிதி மற்றும் வருவாய்ப் பகிர்வு ஆணையத்துக்கு ஆட்களை முன்மொழிகிறது. நாட்டின் வருவாயை மைய அரசு, மாகாணங்கள், நகராட்சிகள் ஆகியவற்றுக்கிடையே பிரிக்கும் மசோதாவைக் கொண்டுவருமுன் அரசு அதனிடம் கலந்துபேச வேண்டும். அந்தப் பிரிவினையில் நகராட்சிகளுக்குக் கிடைப்பது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் என்பதால், அங்கே யார் எதை வற்புறுத்துகிறார்கள் என்பது எங்கள் தெருவிளக்கு வரை வந்து நிற்கிறது. நகராட்சி ஊழியர்களின் ஊதியப் பேச்சில் முதலாளியின் நாற்காலியில் உட்காருவதும் சால்காதான். 2024இல் கையெழுத்தான ஐந்தாண்டு ஊதிய உடன்பாடு எங்கள் நகராட்சியின் செலவுக் கணக்கையும் கட்டுப்படுத்துகிறது. இவ்வளவுக்கும் சந்தா கட்டுவது நகராட்சிகள், அதாவது வீட்டு வரி கட்டும் நாங்கள். வரிச் சீட்டு அனுப்பும்போது எந்த வார்டு எந்தக் கட்சிக்கு வாக்களித்தது என்று எவரும் பார்ப்பதில்லை.

ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். எங்கள் வார்டில் எல்லோரும் கண்ணால் கண்டது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இம்மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். எங்கள் பக்கத்தில் உயிர்ச்சேதம் குறைவு. ஆனால் ஆற்றோரக் குழாய்கள் அடித்துச் செல்லப்பட்டு, வெகுநாள் தண்ணீர் லாரியை நம்பியே வாழ்ந்தோம். லாரி எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. பழைய பெயின்ட் வாளிகளைக் கழுவி எடுத்துக்கொண்டு, பேரங்காடித் தள்ளுவண்டியில் வைத்துக் கோயில் மதிலோரம் வரிசையில் நிற்பார்கள். மேட்டுத் தெருவில் இருக்கும் வயதான அம்மா ஒருவர் வாளியைப் பாதி மட்டுமே நிரப்பச் சொல்வார், முழுதும் நிரப்பினால் ஏற்றத்தில் இழுக்க முடியாது. எங்கள் வார்டு கவுன்சிலர் எதிர்க்கட்சிக்காரர். பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றில் லாரி வந்த நாள், வந்த நேரம், எந்தத் தெருவோடு தண்ணீர் தீர்ந்தது, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார் என்றெல்லாம் தம் கையால் எழுதி வைத்தார். பேரிடர் மானியம் ஏன் தாமதமாகிறது, தண்ணீர் வழங்கும் பொறுப்பு மாவட்ட நகராட்சியிடமும் மக்களின் கோபம் உள்ளூர் நகராட்சியிடமும் இருப்பதை எப்படித் தீர்ப்பது என்று மாகாண அளவில் நகராட்சிகள் கூடிப் பேசியபோது, அந்த நோட்டுப் புத்தகம் அவர் வீட்டு மேசையில் இருந்தது. எங்கள் சபையிலிருந்து போனவர்கள் வெள்ளம் தொடாத பகுதிகளில் வாழும் பட்டியல் உறுப்பினர்கள். அவர்கள் நல்லவர்கள் அல்லர் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு அந்த வரிசை தெரியாது, அவ்வளவுதான். தெரிந்தவரை அனுப்ப மாட்டோம் என்று கைதூக்கித் தீர்மானித்த முறையைத்தான் குறைசொல்கிறேன்.

இதற்கு மாற்று என்ன என்று கேட்பவர்கள் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. மாவட்ட சபைகளின் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1998ஆம் ஆண்டின் நகராட்சிக் கட்டமைப்புச் சட்டத்தின்படி மாவட்ட சபையின் 40 விழுக்காட்டு இடங்களை வாக்காளர்கள் நேரடியாகக் கட்சிப் பட்டியலுக்கு வாக்களித்து நிரப்புகிறார்கள். எஞ்சிய 60 விழுக்காட்டை உள்ளூர் சபைகள் தம் உறுப்பினர்களிடையேயிருந்து அனுப்புகின்றன. அப்படி அனுப்பும்போது ஒன்றுக்கு மேற்பட்டவர்களை அனுப்ப வேண்டிய சபை, பெரும்பான்மைத் தீர்மானத்தால் அனுப்ப முடியாது. கவுன்சிலர்கள் பட்டியல்களுக்கு வாக்களிக்க வேண்டும். வாக்கு விகிதப்படியே இடங்கள் பிரிகின்றன. எங்கள் சபையும் 2021 தேர்தல் முடிந்த கையோடு இதைத்தான் செய்தது. அதே மண்டபம், அதே கவுன்சிலர்கள், அதே எண்ணிக்கை. மாவட்டத்துக்கு ஆள் அனுப்பும்போது எல்லாக் கட்சிக்கும் அளந்து கொடுக்கிறவர்கள், சால்காவுக்கு அனுப்பும்போது அளவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு நியாயம், சங்கத்துக்கு ஒரு நியாயமா என்று அன்று பார்வையாளர் வரிசையில் என் பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார். எனக்கு மறுமொழி தெரியவில்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

அரசியலமைப்பின் 160(8)ஆம் உட்பிரிவு, சபையிலும் அதன் குழுக்களிலும் உறுப்பினர்கள் பங்கேற்கும் முறை, சபையில் இடம்பெற்ற கட்சிகளுக்கும் நலன்களுக்கும் நியாயமான பிரதிநிதித்துவம் கிடைக்குமாறு இருக்க வேண்டும் என்கிறது. இதை எடுத்துச் சொன்னபோது, ஜோஹன்னஸ்பர்க் மேயர் குழு பற்றிய 2002ஆம் ஆண்டு அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்பைச் சபையில் ஒருவர் மேற்கோள் காட்டினார். அந்தத் தீர்ப்பை நானும் படித்திருக்கிறேன். மேயர் குழு என்பது நிர்வாக மேயருக்குத் துணைநிற்பது, அது சபையின் குழு அன்று, ஆகவே அந்த உட்பிரிவு அதற்குப் பொருந்தாது என்பதே பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. ஆட்சி செய்பவர் தம் ஆட்களைத் தெரிந்துகொள்ளட்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் சால்காவின் கூட்டத்துக்குப் போகிறவர் மேயரின் நிர்வாகத்தை நடத்தப் போகவில்லை. சபையின் குரலாகப் போகிறார். சபையின் குரல் என்றால் சபை எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அது ஒலிக்க வேண்டும். சால்காவின் விதிகளில் இதைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும், அது அன்று எங்கள் சபையில் எவர் கையையும் தடுக்கவில்லை.

காலக் கணக்கும் இதோடு சேர்ந்தது. 2021 நவம்பரில் மக்கள் வாக்களித்தார்கள்; 2022 மார்ச்சில் கேப்டவுனில் சால்காவின் தேசிய மாநாடு கூடி அடுத்த தேர்தல் வரைக்குமான தலைமையைத் தேர்ந்தெடுத்தது. ஆக, தேர்தலுக்குப் பிந்திய அந்த நான்கு மாதத்தில் ஒவ்வொரு சபையிலும் எவர் கை ஓங்கியிருந்ததோ, அதுவே சங்கத்தின் முகமாக உறைந்துவிடுகிறது. சபைகளோ உறைந்து நிற்கவில்லை. ஜோஹன்னஸ்பர்க்கில் அந்தத் தேர்தலுக்குப் பிறகு மேயர் பதவி எத்தனை கை மாறியது என்பதை நாடே பார்த்தது; 270 இடங்கள் கொண்ட சபையில் மூன்றே இடங்கள் வைத்திருந்த கட்சியிலிருந்து அடுத்தடுத்து இருவர் மேயர் ஆனார்கள். கூட்டணி கவிழ்ந்தால் மேயர் மாறுவார், குழுத் தலைவர்கள் மாறுவார்கள். ஆனால் ஒரே பக்கத்திலிருந்து போன பேராளர்கள் மாநாட்டில் போட்ட வாக்கு மாறாது. தொடக்கத்திலேயே எல்லாப் பக்கமும் விகிதப்படி போயிருந்தால், இங்கே ஆட்சி மாறினாலும் அங்கே நியாயம் குலையாது.

வார்டில் சுயேச்சையாக வென்றவரின் நிலை இன்னும் மோசம். அவருக்குக் கொறடா இல்லை, பேரம் பேச ஆளில்லை. எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் வராது. பெண்களைப் பற்றியும் ஒரு சொல். வேட்பாளர் பட்டியலில் பாதிப் பேர் பெண்களாக இருக்கக் கட்சிகள் முயல வேண்டும் என்று கட்டமைப்புச் சட்டமே சொல்கிறது. அன்று வாசிக்கப்பட்ட பட்டியலில் அந்த முயற்சியின் அடையாளம் எதையும் நான் காணவில்லை.

இம்மாகாணத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த விவகாரம் வெறும் நடைமுறைச் சிக்கல் அன்று. 1860இல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடமிருந்து நகராட்சி வாக்குரிமையை 1924ஆம் ஆண்டின் நாட்டால் நகராட்சி ஆணை பறித்தது. பிறகு எங்களுக்கென்று உள்ளூர் விவகாரக் குழுக்களை அமைத்துக் கொடுத்தார்கள். அவை ஆலோசனை சொல்லலாம், முடிவு வேறு அறையில் எடுக்கப்படும். இருக்கை கிடைத்தும் சொல்லுக்கு எடையில்லாமல் இருந்த அந்த நிலையை என் பெற்றோர் தலைமுறை கசப்போடு அனுபவித்தது. இன்று எங்களுக்கு வாக்கு இருக்கிறது, எங்கள் வாக்கால் வந்த கவுன்சிலர் இருக்கிறார். வெவ்வேறு கட்சிகளில் இருக்கிறார்கள், இருக்கட்டும். அவர்களில் எவரும், ஜூலு அண்டை வீட்டார் தேர்ந்தெடுத்த எவரும், தவறான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக முடிவு எடுக்கும் அறைக்கு வெளியே நிற்கக் கூடாது.

சில மறுப்புகளுக்கு நியாயம் உண்டு. பேராளர் எண்ணிக்கை சிறியது, அதை எப்படி விகிதம் பிரிப்பது என்கிறார்கள். மூன்று இடம் என்றாலும், விகிதப்படி வகுத்தபின் பெரிய மிச்சம் உள்ள கட்சிக்கு அடுத்த இடம் என்று பிரிக்கலாம். தேர்தல் ஆணையம் பட்டியல் இடங்களை அப்படித்தான் பிரிக்கிறது. ஒரே ஓர் இடந்தான் என்றால் அது பெரும்பான்மைக்கே போகட்டும். ஆனால் அவர் என்ன பேசப் போகிறார் என்பதைச் சபை முன்கூட்டி விவாதித்து அனுப்பட்டும். நகராட்சி ஒரே குரலில் பேசினால்தான் மைய அரசு மதிக்கும் என்று இன்னொரு மறுப்பு. மானியம், மின்கட்டணம், தண்ணீர்க் கடன் ஆகியவற்றில் எங்கள் சபையின் கட்சிகளிடையே பெரிய பேதமே இல்லை. நிகழ்ச்சிக் குறிப்புகளைப் புரட்டினால் அவை ஏகமனதாக நிறைவேறிய தீர்மானங்கள் என்பது தெரியும். எதிரணியைக் கூட்டிக்கொண்டு போவதால் கெடுகிற ஒற்றுமையாக அது எனக்குத் தோன்றவில்லை.

இப்போதே எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2021இல் தேர்வான சபைகளின் ஐந்தாண்டு 2026 நவம்பரில் நிறைவடைகிறது; அதிலிருந்து 90 நாட்களுக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். 2023 டிசம்பரில் பிறந்த உம்கொந்தோ வெசிஸ்வே கட்சி 2024 மாகாணத் தேர்தலில் இங்கே சுமார் 45 விழுக்காடு வாக்கு வாங்கியது. அக்கட்சிக்கு 2021 உள்ளாட்சித் தேர்தலில் ஓர் இடமும் கிடையாது, அன்று அது பிறக்கவே இல்லை. அடுத்த தேர்தலில் சபைகள் எவ்வாறு தலைகீழாகும் என்பதை இன்று எந்தக் கொறடாவும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு விழுக்காடு வாக்காவது பெற்றால்தான் சபையில் இடம் என்று சிறு கட்சிகளுக்கு வரம்பு வைக்கும் திருத்த மசோதாவும் 2024இல் மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. அது எந்த வடிவில் முடிந்தாலும் சபைக்குள் வருகிறவர்களின் கணக்கு இன்னும் இறுகும். எந்தப் பக்கம் நாம் உட்காருவோம் என்று எவருக்கும் தெரியாத இந்த நேரத்தில் எழுதப்படும் விதிதான் எல்லோருக்கும் பொதுவான விதியாக இருக்கும். தேர்தல் முடிந்து கூட்டணிப் பேரம் தொடங்கிய பிறகு எழுதினால், வென்றவர் எழுதியதாகவே அது இருக்கும்.

ஆகவே சால்காவின் மாகாண நிர்வாகக் குழுவை நாங்கள் கேட்பது இது. ஒன்றுக்கு மேற்பட்ட பேராளரை அனுப்பும் ஒவ்வொரு நகராட்சியும், மாவட்ட சபைக்கு ஆள் அனுப்பும் அதே பட்டியல் முறையில், சபையின் இட விகிதப்படி அவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதியை அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்பே உறுப்பினர் கூட்டத்தில் முன்மொழியுங்கள். அவ்வாறு தேர்வாகாத பேராளர் குழுவின் சான்றை மாநாட்டுப் பதிவுக் குழு ஏற்கக் கூடாது என்பதையும் அதே விதியில் சேருங்கள், இல்லையேல் அது தாளில் மட்டுமே இருக்கும். ஒவ்வொரு நகராட்சியும் யாரை அனுப்பியது, அவர் வார்டு உறுப்பினரா பட்டியல் உறுப்பினரா, எந்தக் கட்சி என்ற விவரத்தை மாநாட்டுக்கு முன்பே பொதுமக்கள் பார்க்குமாறு வெளியிடுங்கள். தேசிய மாகாணப் பேரவையில் அமரும் பத்துப் பேருக்கு அங்கே வாக்கு இல்லை, வாய்தான் உண்டு; அதனாலேயே அந்தப் பத்துப் பேரில் சிறுபான்மைக் கட்சிகளுக்கும் சிறிய நகராட்சிகளுக்கும் இடம் இருப்பதை உறுதிசெய்யும்படி தேசிய நிர்வாகக் குழுவுக்கு எழுதுங்கள்.

எங்கள் அவைத்தலைவரையும் கொறடாக்களையும் கேட்பது இது. அண்மையில் நிறைவேறிய பட்டியலை அடுத்த சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மறுபரிசீலனைக்கு வையுங்கள். இந்த முறைக்கு அது முடியாதென்றால், கூட்டணிக்கு வெளியிலுள்ள கட்சிகளிலிருந்து ஒருவரையும் சுயேச்சை உறுப்பினரையும் பார்வையாளராகவேனும் நகராட்சிச் செலவில் அனுப்புங்கள். போய் வருகிறவர்கள் அங்கே என்ன பேசினார்கள், எதற்கு வாக்களித்தார்கள் என்ற எழுத்து அறிக்கையை 30 நாட்களுக்குள் சபையில் வைத்து, வார்டு குழுக்களுக்கும் படி அனுப்புங்கள். பேராளர்களை விகிதப்படி தேர்ந்தெடுப்பதைச் சபையின் நிலையாணைகளில் இந்தச் சபை கலையுமுன் சேர்த்துவிடுங்கள். இம்மடலின் ஆங்கில, ஜூலுப் படிகளை நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்திருக்கிறோம். பதிலை எங்களுக்குத் தனிப்பட எழுத வேண்டாம். சபையில் படித்து நிகழ்ச்சிக் குறிப்பில் ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
குடியிருப்போர் மன்றச் செயலாளர்
குவாசூலு-நாட்டால்